இடது கால் கத்திரிக்காய்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். பாலாற்றில் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி நின்று சத்தியம் செய்வதுதான் முறை. அதற்குக் காத்திருந்தால் சொல்லுகிற ஆளே மிஞ்ச மாட்டான் என்பதால் மணலில் நின்றபடியே செய்து தரப்படுகிறது. ஒரு வரி பொய்யானாலும் சொன்ன வாய்க்கு ஆயுசுக்கும் பிரியாணி கிடைக்காமல் போகட்டும். ஆம்பூரில் இதைவிடப் பெரிய சாபம் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

தானியேல் ஷூ கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் இருந்தவர். கால் அச்சின்மேல் தோலை இழுத்துப் பிடித்து ஒட்டுகிற வேலை. நாளொன்றுக்கு ஆயிரத்துச் சொச்சம் ஜோடி அவர் கைவழியாக ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போயின. அவர் காலில் ரப்பர் செருப்பு. ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இனிமேல் மணி பார்த்து எங்கே போவது என்று அவருக்கு விளங்கவில்லை.

அடுத்த வீட்டு அதாவுல்லா பிரியாணி மாஸ்டர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நாற்பது வருஷம் கல்யாணம் கல்யாணமாக அண்டா ஏற்றியவர். இப்போது முழங்கால் போய்விட்டது. மகன் தன்சீல் சென்னைக்குப் பக்கத்தில் நாலாவது மாடியில் வீடு வாங்கியிருந்தான். தீபாவளி கழிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன், தகப்பனார் மூட்டையைக் கட்டி வைக்கட்டும் என்று ஆனி மாசமே சொல்லிவிட்டான். போனால் திரும்பி வருகிற பேச்சில்லை.

அதாவுல்லாவுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. பிரியாணிக்குப் பக்கத்தில் வைக்கிற எண்ணெய்க் கத்திரிக்காயை அவர் தன் வாழ்நாளில் மூட்டை மூட்டையாகச் சமைத்திருக்கிறார், உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. மாஸ்டர் கடைசிப் பந்தி. கடைசிப் பந்திக்குக் கத்திரிக்காய் எந்தக் கல்யாணத்திலும் மிஞ்சியதில்லை.

"வேற ஒண்ணும் வாணாம் தோஸ்த்," என்றார் தானியேலிடம். "போறதுக்கு முன்னால, நம்ம கையால வெச்ச காய நாமளே பறிச்சி, நீயும் நானும் ஒரு தபா ஒக்காந்து தின்னணும். ஒரு தபா போதும்."

தானியேல் சரி பாய் என்றார். கம்பெனியில் முப்பத்தொரு வருஷம் அவர் வேறு எதுவும் சொல்லிப் பழகவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் 'ஆம்பூர் வட்டார சமுதாயத் தோட்டம் மற்றும் பருவகால உள்ளூர் உணவு மேம்பாட்டுக் கழகம்' தொடங்கப்பட்டது. பெயர்ப் பலகை தோட்டத்தைவிட நீளம். 'கழகம்' என்ற சொல்லைப் படிக்க வேண்டுமானால் அடுத்த தெருவுக்குப் போக வேண்டும். தைக்கு மொச்சை, சித்திரைக்கு வெள்ளரி, ஆவணிக்குக் கீரை, ஐப்பசிக்குக் கத்திரி. உள்ளூரில் விளைந்ததை விளைந்த பருவத்தில் விளைவித்தவரே உண்போம் என்று துண்டுச் சீட்டில் போட்டிருந்தார்கள். தானியேலுக்குப் பதினாலாம் நம்பர் பாத்தி கிடைத்தது. ஆறடிக்கு நாலடி. "மனுஷன படுக்க வெக்கிற அளவுதான் குடுத்துருக்கானுங்க," என்றாள் அவர் மனைவி மரியம்மாள். அளந்து பார்த்ததில் அதுவும் சரியாகவே இருந்தது.

கழகத்தின் தலைவர் சுப்பராயன். ஏற்றுமதித் துறையில் முப்பத்தாறு வருஷம் பழம் தின்று கொட்டை போட்டவர். ஜெனரல் மேனேஜராக ஓய்வு பெற்றார். தர அதிகாரி ஹம்மாத். இருபத்தெட்டு வருஷம் ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை கண்டுபிடித்தவர். தன் கல்யாணத்தில் தாலிக் கயிற்றின் முடிச்சு சரியில்லை என்று திருப்பி அனுப்பினார் என்று ஒரு கதை உண்டு, அவர்கள் வீட்டில் தாலியே கிடையாது என்பதால் அது பொய். இது சத்தியம் செய்த கதை, பொய்யைச் சேர்ப்பதற்கில்லை. சுருக்கமாக, இரண்டு பேருக்கும் ஷூவைத் தவிர உலகத்தில் எதுவும் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல நடத்தத்தான் கழகம் என்று ஒன்று வேண்டியிருக்கிறது.

முதல் கூட்டத்தில் பருவம் நிர்ணயம் செய்தார்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்க வேண்டும் என்பார்கள், ஆடி பிறந்து நாலு நாள் ஆகிறது, இலவம்பாடியில் மச்சான் வீட்டிலிருந்து முள்ளுக் கத்திரி விதை வந்திருக்கிறது, போட்டுவிடலாமா என்று தானியேல் எழுந்து கேட்டார். சுப்பராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மிஸ்டர் தானியேல், ஆடிங்கறது லோக்கல் மாசம். உள்ளூர் உணவுக்கும் உள்ளூர் மாசத்துக்கும் சம்பந்தம் இல்ல. சீசன்னா ரெண்டுதான். சம்மர் கலெக்ஷன், வின்ட்டர் கலெக்ஷன். முப்பத்தாறு வருஷமா நாம வெயில் காலத்துல வின்ட்டர் பூட்ஸ் போட்டோம், மழைக் காலத்துல சாண்டல் போட்டோம். ஒரு தடவை கூட மழைய கேட்டுக்கிட்டு செஞ்சதில்ல."

கைதட்டினார்கள். வின்ட்டர் கலெக்ஷன் மாசி மாதம் திறக்கும் என்று தீர்மானமாயிற்று. அதற்குள் எவராவது எதையாவது விதைத்தால் அது பயிர் ஆகாது, 'மாதிரி உருவாக்கம்' என்று பதிவேட்டில் எழுதப்படும். தானியேல் தலையாட்டிவிட்டுப் போய் ஆடியிலேயே விதைத்தார். கத்திரிச் செடிக்குத் தீர்மானம் தெரியாது. புரட்டாசியில் பூத்து, ஐப்பசி பிறக்கும்போது தானியேலின் தோள் உயரம் நின்று, ஒரு கிளைக்கு ஒன்பது காயாகத் தொங்கியது. மயில் கழுத்து நிறம், வெளிர்ப்பச்சைக் கீற்று, காம்பில் முள். பக்கத்துப் பாத்திக்காரி உமைமா, அதே கம்பெனியில் தையல் செக்ஷனில் இருந்தவள், தன் பாத்தியில் நிழல் விழுகிறது என்று சண்டைக்கு வந்து, காயைப் பார்த்ததும் சண்டையை மறந்து திரும்பிப் போனாள்.

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. அதாவுல்லா புளியை ஊறவைத்தார்.

பறிக்கலாமா என்று தானியேல் கேட்கப் போன இடத்தில் ஹம்மாத் நடைமுறையை விளக்கினார். எந்தக் காயும் அங்கீகரிக்கப்பட்ட மாதிரியோடு ஒத்துப்போக வேண்டும். மாதிரி கண்ணாடி அலமாரியில் இருந்தது: வேலூர் லாங் பஜாரில் பொம்மைக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கத்திரிக்காய். அரக்கு முத்திரை வைத்து, மூன்று பேர் கையெழுத்துப் போட்டு, காம்பில் அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். தானியேல் ஒரு காயைப் பறித்துக் கொடுத்தார். ஹம்மாத் அதை வெளிச்சத்தில் பிடித்து, அலமாரியைப் பார்த்து, மறுபடி காயைப் பார்த்தார். கலர் ஒத்துப்போகவில்லை. கீற்று இருக்கிறது, அது தோலில் ஏற்பட்ட காயம். முள் இருக்கிறது, அது ஃபினிஷிங் ஒழுங்காக இல்லாததால் வந்தது.

அது முள்ளுக் கத்திரி சார் என்றார் தானியேல். முள்ளை எடுத்துவிட்டுக் கொண்டுவரும்படி அவருக்குச் சொல்லப்பட்டது.

நிராகரித்த காயைச் சும்மா விட முடியாது. யாராவது எடுத்துச் சாப்பிட்டுவிட்டால் கழகத்தின் பெயர் கெட்டுவிடும். ஆகவே கம்பெனியில் ரிஜெக்ட் ஷூவைச் செய்வதுபோலவே, கத்தியால் குறுக்கே மூன்று கீறல் போட்டு, சிவப்பு மை தெளித்து, பட்டியலில் எழுதிக் குழியில் போட்டார்கள். தானியேல் அந்தக் குழியை எட்டிப் பார்த்தார். அந்த வாரம் அங்கீகாரத்துக்கு வந்த வெண்டை, பாகல், புடலை, எல்லாம் கீறிச் சிவந்து கிடந்தன. புடலங்காய் நீளம் ஜாஸ்தி என்பதால் அதற்கு மட்டும் பதினொரு கீறல்.

இரண்டாம் வாரம் தானியேல் நகவெட்டியால் முள்ளை ஒவ்வொன்றாக வெட்டி இரண்டு காய் கொண்டுபோனார். ஹம்மாத்துக்குத் திருப்தி. இரண்டையும் மேஜைமேல் அருகருகே வைத்தார். குனிந்தார். சுற்றி வந்தார். நெடுநேரம் கழித்து நிமிர்ந்து, வருத்தத்தோடு சொன்னார்:

"ரெண்டும் லெஃப்ட்டு."

தானியேல் பார்த்தார். இரண்டும் ஒரே பக்கமாகத்தான் லேசாக வளைந்திருந்தன. முப்பத்தொரு வருஷம் லெஃப்ட்டையும் ரைட்டையும் பிரித்துப் போட்ட கை என்பதால், அவருக்கே அது சரி என்று பட்டுவிட்டது. அதுதான் பெரிய கொடுமை. ஆமாம் சார், லெஃப்ட்டுதான் என்றார்.

பின்னால் வரிசையில் நின்ற உமைமாவுக்குப் பொறுக்கவில்லை. "கத்திரிக்காய்க்கு கால் எங்க இருக்குது பாய், ஜோடி பாக்க?"

ஹம்மாத் கோபித்துக்கொள்ளவில்லை. "காய்க்கு இல்லம்மா. வாங்கறவனுக்கு ரெண்டு கால்."

உமைமா பதில் சொல்லப் போனாள். அவள் முறை வர இன்னும் ஆறு பேர் இருந்தார்கள். அவள் பாத்தியில் வலப்பக்கம் வளைந்த காய் ஒன்று இருந்தது. தானியேலுக்காக அதைக் கொண்டுவந்து கொடுத்தாள். வேறு வேறு பாத்திக் காயை ஜோடி சேர்த்தால் லாட்டு, அதாவது சரக்குத் தொகுதி, கலந்துவிடும் என்று அதற்கும் கீறல் விழுந்தது. அதற்குப் பிறகு தானியேல் தினமும் விடிந்ததும் தன் செடியைச் சுற்றி மண்டியிட்டு ரைட் கத்திரிக்காய் தேடினார். அறுபத்து மூன்று காய். அறுபத்து மூன்றும் லெஃப்ட். வீட்டுக்கு வந்து மரியம்மாளிடம் சொன்னார். "அந்த செடிக்கு இன்னொரு காலு வாதத்துல போய்ட்டிருக்கும்," என்றாள் அவள், கீரை ஆய்ந்துகொண்டே.

அதாவுல்லா ஊறவைத்த புளியை மூன்றாம் தடவை கொட்டிவிட்டுப் புதிதாக ஊறவைத்தார். மகன் வர ஒரு வாரம் இருந்தது. காய்கள் முற்ற ஆரம்பித்தன. இரண்டொன்று மஞ்சள் பூத்து விட்டது. முற்றிய கத்திரிக்காயை எண்ணெயில் போட்டால் விதைதான் பல்லில் மாட்டும் என்பது மாஸ்டருக்குச் சொல்லித் தர வேண்டிய விஷயமில்லை. தினமும் சாயங்காலம் தானியேலின் வெறுங்கையைப் பார்த்துவிட்டு, டீ குடிக்கலாமா தோஸ்த் என்பார்.

சனிக்கிழமை, அதாவது தன்சீல் வருவதற்கு முந்தின நாள், கழகம் 'உள்ளூர் உணவு உண்ணும் விழா' நடத்தியது. தோட்டத்து வாசலில் தோரணம். உறுப்பினர்கள் அவரவர் பாத்திக்கு முன்னால் சீருடையில் நிற்க வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் சுவைப் படிவம்: காயின் ருசி எப்படி இருந்தது, மிக நன்று, நன்று, பரவாயில்லை. சாப்பிடுவதற்கு முன்பே பூர்த்தி செய்து கொடுத்துவிட வேண்டும், அப்போதுதான் விருப்பு வெறுப்பு கலக்காது. எல்லோரும் 'மிக நன்று' போட்டார்கள். பிறகு மேடையில் விருந்தினர்கள் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு இலை போட்டு, பெங்களூரிலிருந்து வேனில் வந்த காய்கறியில் செய்த சாப்பாடு பரிமாறப்பட்டது. உள்ளூர்க் காய் ஒன்றும் அங்கீகாரம் பெறாததால் வேறு வழியில்லை. அவர்கள் உண்பதை உறுப்பினர்கள் பார்க்கலாம். ஏப்பம் விட்டபின் சுப்பராயன் மைக்கைப் பிடித்தார்.

"சில பேர் கேக்குறாங்க, வெளைய வெச்சவன் எப்போ சாப்பிடறதுன்னு. நான் ஒண்ணு சொல்றேன். என் கம்பெனில நாலாயிரம் பேர். முப்பத்தாறு வருஷத்துல ஒருத்தன், ஒருத்தி, நாம செஞ்ச ஷூவ போட்டுப் பாத்தது கிடையாது. அதனாலதான் தரம் நின்னுச்சு. செய்யறவன் அனுபவிக்க ஆரம்பிச்சா அவனுக்கு ஒரு அபிப்பிராயம் வந்துரும். அபிப்பிராயம் வந்தா வேலை கெட்டுரும். நீங்க எல்லாம் தோட்டக்காரங்க இல்ல. நீங்க என் குடும்பம். அதே கட்டுப்பாட்ட நான் இங்கயும் எதிர்பாக்கறேன்."

தானியேல் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினார். தட்டிக்கொண்டிருக்கும்போதே, அறுபத்தொரு வயதில் முதன்முறையாக, திருடலாம் என்று தோன்றியது.

மேடையில் பொன்னாடை போர்த்த ஆரம்பித்த நேரம் பார்த்து அவர் பாத்திக்குள் குனிந்தார். செடியின் அடியில், எல்லா இலைக்கும் கீழே, முற்றாத ஒரே காய். லெஃப்ட்டா ரைட்டா என்று பார்க்கக்கூட நேரமில்லை. திருகிப் பறித்து, சட்டைக்குள் விட்டு, இடது அக்குளில் இடுக்கிக்கொண்டார். முள்ளுக் கத்திரி. முள்ளை வெட்டவும் இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அது உள்ளே இறங்கியது. முகத்தை அந்தோணியார் சொரூபம்போல வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். இருநூறு அடி. ஒரு காய் போதும். ஒன்றை நாலாகப் பிளந்து எண்ணெயில் விட்டால் இரண்டு பேருக்கு இரண்டிரண்டு துண்டு. அதாவுல்லா வீட்டில் அடுப்பில் சட்டி காய்ந்துகொண்டிருந்தது. அவருக்கு இங்கிருந்தே வாசம் வந்தது.

வாசலில் காவலுக்கு இருந்தவர் அருணகிரி. ஷூ கம்பெனி கேட்டிலும் இருபது வருஷம் அவர்தான் காவல். ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களைத் தடவிப் பார்த்து அனுப்புவார். இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, விருந்தினர் மிச்சம் வைத்த வடையை ரசத்தில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். நிமிரவில்லை. யாரையும் சோதிக்கிற உத்தேசமும் அவருக்கு இல்லை. கேட் திறந்தே கிடந்தது. தானியேல் கேட்டைத் தாண்ட ஒரு காலை எடுத்து வைத்தார்.

வைத்ததும் அவருடைய இரண்டு கைகளும் தோளுக்கு நேராகத் தாமாக உயர்ந்து விரிந்தன.

முப்பத்தொரு வருஷம், ஒரு நாளைக்கு இரண்டு தடவை. கேட்டைக் கண்டால் கை தூக்கும். கைக்கு ஓய்வு உத்தரவு யாரும் கொடுக்கவில்லை.

கத்திரிக்காய் சட்டைக்குள் வழுக்கி, வேட்டியின் வழியாக இறங்கி, உருண்டு போய் அருணகிரியின் காலடியில் நின்றது. அருணகிரி வடையை வைத்துவிட்டுக் காயைப் பார்த்தார். அப்புறம் சிலுவைபோல நின்ற தானியேலைப் பார்த்தார்.

"ஏன்யா தூக்குன? நான் பாக்கவே இல்லியே."

"நான் எங்க தூக்குனேன். அதுவா போய்ட்டுது."

அருணகிரி காலால் அதை நாற்காலிக்கு அடியில் தள்ளத்தான் பார்த்தார். ஆனால் தலைவரை வழியனுப்ப வந்த கூட்டம் அதற்குள் வாசலுக்கு வந்துவிட்டது. தானியேலின் கைகள் இன்னும் இறங்கவில்லை.

விசாரணை அங்கேயே நடந்தது. ஹம்மாத் சாட்சிப் பொருளைக் கையில் எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் ஒரு பொருளைப் பார்த்துச் சிரித்து யாரும் கண்டதில்லை, அன்று சிரித்தார்.

"சார். ரைட்டு."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது. பதினாலாம் பாத்தியில் ரைட் காய்த்துவிட்டது. சுப்பராயன் அதை இரண்டு கையாலும் வாங்கி, காரின் பானெட் மீது வைத்தார். பிளாஸ்டிக் மாதிரியை விலக்கிவிட்டு, இனி இதுவே அங்கீகரிக்கப்பட்ட மாதிரி என்று அந்த இடத்திலேயே தீர்மானம் நிறைவேறியது. சூடான அரக்கு வந்தது. மூன்று கையெழுத்து வாங்கினார்கள். தானியேலுக்கு, காயைத் திருடியதற்காக ஒரு மெமோவும், அதே காயை விளைவித்ததற்காக ஒரு பொன்னாடையும், ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வழங்கப்பட்டன. மெமோவின்படி பதினாலாம் பாத்தி ரத்து. மாதிரியை வேறு யாரும் போலி செய்துவிடக் கூடாதென்று செடியைப் பிடுங்கி, அறுபத்து மூன்று லெஃப்ட்டுக்கும் கீறல் போட்டு, குழியை மூடினார்கள்.

மாதிரிக் காய்தானே சார், அலமாரியில் வைத்து அழுகத்தான் போகிறது, இன்றைக்கு மட்டும் கொடுத்தால் என்று தானியேல் கேட்டார். அவர் கேட்டதுதான் அன்றைய விசாரணையில் கேட்கப்பட்ட ஒரே கேள்வி என்பதால் அதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தன்சீல் வந்தான். கட்டில், பீரோ, இரண்டு மூட்டை, சாமான் அவ்வளவுதான். அண்டாவை உமைமா வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. தானியேல் தோளில் பொன்னாடையோடு போய் நின்றார். அதைக் கழற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அதாவுல்லா மெமோவை வாங்கி, கண்ணாடியை ஏற்றி, தேதியிலிருந்து கையெழுத்து வரை படித்தார்.

"நல்ல காயா தோஸ்த்?"

"நல்ல காய் பாய். கைல கனமா இருந்துது."

"முத்தல இல்ல?"

"முத்தல."

அதாவுல்லா தலையாட்டினார். மெமோவை நாலாக மடித்துத் தானியேலின் சட்டைப் பையில் வைத்தார். வைக்கும்போது இடது பக்கம் சட்டையில் சின்னச் சின்னதாய் ரத்தப் புள்ளிகள் காய்ந்திருப்பதைப் பார்த்தார்.

"நாலாவது மாடில எல்லாம் கெடைக்குமாம்," என்றார். "ஃபோன்ல சொன்னா கத்திரிக்கா வூட்டு வாசலுக்கே வந்துடுமாம். தன்சீல் சொல்றான்."

"நல்லதுதான் பாய்."

"எனுக்கு ஃபோன்ல பேச வராது."

வண்டி கிளம்பியது. புளிச் சட்டியை அதாவுல்லா கழுவாமல் விட்டுப் போயிருந்தார். மரியம்மாள் அதை எடுத்து வந்து, தண்ணீர் விட்டு அலசி, கவிழ்த்து வைத்தாள்.

ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கமுள்ள அந்த ஒன்றரை ஏக்கர், தோல் பதனிட்டு மூடிப்போன ஒரு டேனரியின் கழிவுநீர் நின்ற குட்டை. முப்பது வருஷமாக அதில் ஒரு செடியும் முளைத்ததில்லை. இதைச் சொன்ன வாய்க்குப் பிரியாணி கிடைத்தும் பல நாள் ஆகிறது.